பென்னிகுயிக் என்ற குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பென்னி’ என்பது பெயர், ‘குயிக்’ என்பது குடும்பப் பெயரா?

இல்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளரின் பெயர் ஜான். பென்னிகுயிக் என்பது முழுவதும் ஒரே சொல், அவருடைய குடும்பப் பெயர். தமிழில் ‘பென்னி குயிக்’ என்று நடுவில் இடம் விட்டு எழுதிப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம். எழுத்தில் இது சின்னப் பிழைதான். பழைய ஆவணங்களைத் தேடப் போனால் பெரிய பிழை. ‘குயிக்’ என்று தேடினால் வேறொரு குடும்பப் பெயரின் பட்டியல் வந்து நிற்கும்.

இது ஆங்கிலேயப் பெயர்தானே?

ஸ்காட்டிஷ் பெயர். ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் வட்டாரத்தில், எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரத்தில், பென்ட்லண்ட் குன்றுகளுக்குப் பக்கத்தில், வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் பெனிகுயிக் என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப்பெயர்தான் குடும்பப் பெயரானது. மாங்குடி மருதனார், பிசிராந்தையார் என்று நம் சங்கப் புலவர்கள் ஊரைச் சுமந்தார்களே, அதே வழக்கம்தான். ஒரு வேறுபாடு: நம்மிடம் ஊர்ப்பெயர் அந்த ஒரு மனிதரோடு நின்றுவிட்டது, அங்கே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி, அந்த ஊரைக் கண்ணால் பார்த்திராத பேரன்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

பொருள் என்ன?

குயில்குன்று. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ஆங்கிலம் வேரூன்றுவதற்கு முன் பேசப்பட்டது, இன்றைய வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய உறவான பிரித்தானிய மொழி. அதில் ‘பென்’ என்றால் தலை, குன்றின் உச்சி. ‘கோக்’ என்றால் குக்கூ என்று கூவும் பறவை. இடையில் நிற்கும் ‘இ’ ஒலி ‘அந்த’ என்று சுட்டும் சொல். மூன்றையும் சேர்த்தால் ‘குக்கூப் பறவையின் குன்று’. தேனி மாவட்டத்தில் மயிலாடும்பாறை இருப்பதுபோல அங்கே இது.

‘பென்’ என்ற முன்னொட்டை மட்டும் வைத்து இடத்தை முடிவு செய்யக்கூடாது. வேல்ஸில் பென்-இ-வான் மலை, கார்ன்வாலில் பென்சான்ஸ் துறைமுகம், ஸ்காட்லாந்திலேயே பென்பான்ட் என இந்த முன்னொட்டு தீவின் மேற்குப் பக்கம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ‘பென்’ என்று தொடங்கும் குடும்பப் பெயர்களில் பென்ரோஸ் போன்றவை கார்ன்வாலைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை.

குயிக், குயில்: இரண்டும் ஒரே வேர்ச்சொல்லா?

காதுக்கு இனிக்கும் ஒற்றுமை, அவ்வளவுதான். குக்கூ, கோக், கோகிலம், குயில் எல்லாமே பறவையின் கூவலைக் கேட்டு மனிதர்கள் தனித்தனியே வைத்த பெயர்களாக இருக்கலாம். அதனால் ஒன்றுபோலத் தோன்றும். அதை வைத்துத் தமிழ் வேர் கண்டுபிடிப்பது வேண்டாத வேலை. பறவையும் வேறுதான்: நம் தோப்பில் கூவுவது ஆசியக் குயில், ஸ்காட்லாந்தில் வேனிற்காலத்துக்கு வந்து போவது ஐரோப்பியக் குக்கூ. இரண்டும் ஒரே குயில் குடும்பம், இரண்டும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவை.

பெயரைப் ‘பென்னிகுக்’ என்றும் எழுதுவதால், ‘பென்னி’ என்பது காசு, ‘குக்’ என்பது சமையல்காரர், எனவே காசுக்குச் சமைத்தவர் வம்சம் என்றும் ஒரு விளக்கம் சுற்றுகிறது. ஊர்ப்பெயரின் வேர் மறந்த பிறகு எழுத்தைப் பார்த்துக் கட்டிய கதை அது.

எப்படி உச்சரிப்பது?

ஸ்காட்லாந்தில் ஊரின் பெயரைப் ‘பெனிகுக்’ என்பார்கள், முதல் அசையில் அழுத்தம். ‘குக்’ என்பது சமையல்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மாதிரியே ஒலிக்கும். ‘குயிக்’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

காரணம் எழுத்தில் இருக்கிறது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் ‘யு’, ‘ஐ’ இரண்டையும் சேர்த்து எழுதினால் அது ஒரே உயிரொலி. ‘நல்ல’ என்ற பொருளில் அவர்கள் எழுதும் ‘கிட்’ என்ற சொல்லிலும் இதே ‘யு-ஐ’ உண்டு. நாம் அந்த இரண்டையும் தனித்தனியே படித்து ‘குயி’ ஆக்கிவிட்டோம். ஸ்காட்லாந்துப் பெயர்களில் இந்த வம்பு சாதாரணம்: மென்சீஸ் என்று எழுதி மிங்கிஸ் என்பார்கள், கிர்க்கட்பிரைட் என்று எழுதிக் கர்கூப்ரி என்பார்கள்.

இதற்காகத் தேனிக்காரர்கள் நாக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை. நூறாண்டு கடந்து தமிழில் வேர்விட்ட வடிவம் ‘பென்னிகுயிக்’. ஸ்காட்லாந்து நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ தொலைபேசியில் பேசும்போது மட்டும் ‘பெனிகுக்’ என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் எதிர்முனைக்குப் புரியாது.

ஒரே பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்கள்?

அடிக்கடி எதிர்ப்படுபவை ஐந்து.

ஊர்ப்பெயர் ஒற்றை ‘என்’னும் இறுதியில் ‘யு-ஐ-கே’யும் கொண்டது. அணைப் பொறியாளரின் குடும்பம் இரட்டை ‘என்’, ‘ஒய்’, இறுதியில் ‘யு-ஐ-சி-கே’ என்று எழுதியது. 17, 18ஆம் நூற்றாண்டு ஆட்களிடம் ‘ஒய்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இ’ வரும் வடிவத்தை அதிகம் காணலாம். இன்று பரவலாகக் கண்ணில் படுவது ‘குக்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே கொண்டு முடியும் பென்னிகுக். அதன் பின்னால் ஓர் ‘இ’ சேர்ந்த வடிவமும் உண்டு, குறிப்பாக ஜமைக்கா வழிக் குடும்பங்களில்.

இவற்றைத் தனித்தனி வம்சம் என்று எண்ண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு வரை எழுத்துக்கூட்டலை முடிவு செய்தது பெயருக்கு உரியவர் அல்ல, பதிவேட்டில் எழுதிய பாதிரியாரோ எழுத்தரோதான். ஒரே தம்பதியின் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகப் பதிவாவது அந்தக் காலத்தில் அதிசயமில்லை. ‘எங்கள் குடும்பம் எப்போதும் இப்படித்தான் எழுதும்’ என்ற பேச்சை 1850க்கு முந்தைய காலத்துக்கு நம்பாதீர்கள்.

அந்த ஊரை ஆண்ட பெனிகுயிக் குடும்பம் என்ன ஆனது?

இடைக்காலத்தில் நிலத்துக்கு உரியவர்கள் ஊர்ப்பெயரையே சூடிக்கொண்டார்கள். ஆளின் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றாக இருப்பவரைக் குறிக்க ஸ்காட்லாந்தில் ‘ஆஃப் தட் இல்க்’ என்பார்கள். ‘அதே ஊருக்கு உரியவர்’ என்று பொருள்.

இந்த நிலத்தை அனுபவிக்க ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்ததாக மரபு. அரசர் எடின்பரோவுக்கு அருகேயுள்ள பரோ மியூர் காட்டில் வேட்டைக்கு வரும்போதெல்லாம், நிலத்துக்காரர் பக்ஸ்டேன் என்ற கல்லின்மேல் இருந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். நிலவரியாக ஊதிய கொம்பு!

17ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலம் கிளார்க் குடும்பத்தின் கைக்கு மாறியது. பாரிஸில் வணிகம் செய்து பொருள் சேர்த்த ஜான் கிளார்க் வாங்கினார். நிலத்தோடு கொம்பூதும் கடமையும் கைமாறியது. கிளார்க் குடும்பச் சின்னத்தில் இன்றும் கொம்பூதும் வேட்டைக்காரன் இருக்கிறான். 1761இல் கட்டத் தொடங்கிய அவர்களுடைய பெனிகுயிக் மாளிகை 1899இல் தீக்கிரையானது. இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்தக் கிளார்க் குடும்பத்தின் கிளைதான்.

ஆகவே, பெனிகுயிக் மாளிகையின் வரலாற்றைப் படித்துவிட்டுப் பென்னிகுயிக் வம்ச வரலாறு கிடைத்துவிட்டது என்று எண்ணுவது, இந்தத் தேடலில் இறங்குவோர் செய்யும் முதல் தவறு. ஊரும் மாளிகையும் ஒன்று, பெயர்க்காரர்கள் வேறு. ஊரின் பிற்காலப் புகழோ காகித ஆலைகளால் வந்தது. முதல் ஆலை 1709இல் வந்தது.

இந்தப் பெயர் இப்போது எங்கெங்கே இருக்கிறது?

தாய்நிலம் லோதியனும் அதைச் சுற்றியுள்ள கீழ்நில ஸ்காட்லாந்தும். அங்கிருந்து பிழைப்புக்காக இங்கிலாந்துக்கும், குடியேற்றம் வழியாகக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. ஜமைக்காவின் கதை தனி. கரும்புத் தோட்டங்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் முதலாளிகளாகவும் கண்காணிகளாகவும் நிறையப் பேர் இருந்தார்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அவர்களுடைய குடும்பப் பெயர்கள் வந்து சேர்ந்தன. எனவே ஜமைக்காவில் ஒரு ஸ்காட்டிஷ் பெயரைப் பார்த்ததும் ரத்த உறவு என்று முடிவு கட்ட முடியாது.

குடும்பப் பெயர் வரைபடங்களை நம்பலாமா?

நம்பலாம், எப்படிப் படிப்பது என்று தெரிந்தால். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பிரிட்டன் முழுமைக்கும் பெயர் வரைபடங்கள் உண்டு. ஆலைத் தொழிலால் மக்கள் இடம்பெயர்ந்த பிறகும், பெரும்பாலான பெயர்கள் அந்த ஆண்டில் சொந்த ஊரைச் சுற்றியே இருந்ததால் அது நல்ல அடையாள ஆண்டு.

வரைபடங்கள் பொதுவாக எண்ணிக்கையைக் காட்டுவதில்லை, பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதத்தைக் காட்டும். கற்பனைக் கணக்கு ஒன்று பாருங்கள்: 20,000 பேர் உள்ள ஒரு சிறு மாவட்டத்தில் ஒரே வீட்டில் 8 பேர் இந்தப் பெயரோடு இருந்தால் விகிதம் 400. மூன்று லட்சம் பேர் உள்ள நகரத்தில் 60 பேர் இருந்தால் விகிதம் 200. வரைபடத்தில் சிறு மாவட்டம் கருகருவென்றும் நகரம் வெளிறியும் தெரியும். அந்தக் கரும்புள்ளியைப் ‘பூர்வீகம்’ என்று எடுத்துக்கொண்டால், வேலைக்காக முந்தைய ஆண்டு குடிவந்த ஒரு கொல்லனின் வீட்டைப் பூர்வீகமாக்கிவிடுவோம். அரிய பெயர்களில் எண்ணிக்கையையும் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து எழுத்துக்கூட்டலுக்கும் ஐந்து வரைபடம் எடுக்க மறக்காதீர்கள்.

பெயர் இந்தியாவுக்கு எப்படி வந்தது?

படையோடு. பொறியாளரின் தந்தை, அவரும் ஜான்தான், பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் ஜீலம் ஆற்றுப் பக்கம் சிலியன்வாலாவில் சீக்கியர்களோடு நடந்த போரில் 24ஆம் காலாட்படையோடு போய் உயிரிழந்தார். அதே படைப்பிரிவில் இருந்த 17 வயது மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில் மடிந்தான்.

பொறியாளர் ஜான் 1841 ஜனவரி 15இல் பூனாவில் பிறந்தவர். அதாவது, தந்தையும் அண்ணனும் விழுந்த இரண்டாம் நாள் அவருக்கு எட்டு வயது நிறைந்தது. பின்னர் ஆடிஸ்கோம்ப் படைக் கல்லூரியில் படித்து, மெட்ராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தார். அணை வேலை 1887 முதல் 1895 வரை நடந்தது. 1911 மார்ச் 9இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார். கல்லறை அருகிலுள்ள ஃப்ரிம்லி தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய மகன் சர் ஜான் பென்னிகுயிக் இங்கிலாந்தில் உயர் நீதிபதியானவர். தாத்தா, தந்தை, மகன் மூவருக்கும் ஒரே பெயர் என்பதால் பிறந்த ஆண்டைப் பார்க்காமல் எந்த ஆவணத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பெயருடைய வேறு யாரேனும்?

1698 ஜூலையில் பனாமாவின் டேரியனில் ஸ்காட்டிஷ் குடியேற்றம் அமைக்க லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. அவற்றின் தலைவர் ராபர்ட் பென்னிகுயிக். குடியேற்றம் படுதோல்வி, அவரும் 1699இல் ஜமைக்காவுக்குப் போகும் வழியில் இறந்தார்.

மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பென்னிகுயிக் (1652–1722) ட்வீட்டேல் வட்டாரத்தை வருணித்து 1715இல் நூல் வெளியிட்டார். அதே பெயரில், 1730இல் இறந்த எடின்பரோக் கவிஞர் இன்னொருவர் உண்டு. இருவரையும் ஒருவராக்கிவிட்ட பட்டியல்கள் ஏராளம்.

எங்களுக்குப் பிடித்தவர் விலங்கியலாளர் காலின் பென்னிகுயிக் (1933–2019). பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதை இயற்பியல் கணக்காக்கியவர்; ஆப்பிரிக்காவில் பிணந்தின்னிக் கழுகுகளின் பின்னாலேயே கிளைடரில் பறந்து அளந்தவர். குயில்குன்று என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

ஸ்காட்லாந்து ஆவணங்களில் தேடுவது எப்படி?

அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ தளத்திலிருந்து தொடங்குங்கள். அட்டவணையில் தேட இலவசம், ஆவணத்தின் படத்தைப் பார்க்கக் கட்டணம். எனவே அட்டவணையிலேயே வடிகட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

பெயரை முழுதாக எழுதாதீர்கள். ‘பி-இ-என்’ என்று மூன்று எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி (அங்கே எந்த எழுத்தும் எத்தனையும் வரலாம் என்று பொருள்), ‘சி’, மறுபடி நட்சத்திரக் குறி, ‘கே’, இறுதியில் இன்னொரு நட்சத்திரம். மேலே சொன்ன எல்லா வடிவமும் இந்த வலையில் சிக்கும். ‘சி’யே இல்லாமல் ‘க்யூ’ எழுதப்பட்டவை தப்பிவிடும். அதற்கு ‘சவுண்டெக்ஸ்’ தேடல். ஒலியை எண்ணாக்கும் இந்த முறையில் எல்லா எழுத்துக்கூட்டலுக்கும் ‘பி522’ என்ற ஒரே குறியீடுதான் வரும். கூடவே பின்காக் போன்ற சம்பந்தமில்லாத பெயர்களும் வந்து விழும், தள்ளிவிடுங்கள். முதல் எழுத்தையே தவறாகப் படித்திருந்தால் சவுண்டெக்ஸும் கைவிடும். அப்போது குடும்பப் பெயரை விட்டுவிட்டு இயற்பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் வைத்துத் தேட வேண்டும்.

பிறகு பின்னோக்கி நடங்கள். அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. அந்த முதல் ஆண்டுப் பதிவுகள் பொன். பிறப்புப் பதிவிலேயே பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மற்ற பிள்ளைகள் பற்றிய விவரமெல்லாம் இருக்கும். எழுத்தர்களுக்கு வேலை மாளாமல் போனதால் 1856இல் பலவற்றைக் கைவிட்டார்கள். பெற்றோரின் திருமண நாளும் இடமும் 1861இல் திரும்ப வந்தன. எனவே தேடும் ஆளுக்கு 1855இல் பிறந்த தம்பியோ தங்கையோ இருந்தால் அந்தப் பதிவை முதலில் எடுங்கள்.

இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய், தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்தவீட்டுப் பெயரோடு இருக்கும். ஸ்காட்லாந்தில் மணமான பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர் ஆவணத்தில் அழிவதில்லை. இங்கிலாந்து ஆவணங்களில் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1855க்கு முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுகள்தான். அவற்றில் இடைவெளிகள் உண்டு, வறியவர்கள் பலர் பதிவே செய்யவில்லை.

இணையத்தில் படம் கிடைக்கப் பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் வாழ்ந்தவர்களுக்கு எங்கே தேடுவது?

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்கள். தேவாலயப் பதிவுகள் மாகாணவாரியாக உள்ளன: ‘என்/1’ வங்காளம், ‘என்/2’ மெட்ராஸ், ‘என்/3’ பம்பாய். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அணை மெட்ராஸ் மாகாண வேலை என்பதால் பொறியாளரின் பிறப்பையும் மெட்ராஸ் வரிசையில் தேடுவார்கள். பூனா பம்பாய் மாகாணம். பார்க்க வேண்டியது ‘என்/3’.

படை ஆவணத்திலும் இதே மாதிரி ஒரு பிரிவு. கம்பெனிப் படை அதிகாரிகளின் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். அரசியின் படை அதிகாரிகளின் தாள்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். தந்தை அரசியின் படை, மகன் கம்பெனியின் மெட்ராஸ் பொறியாளர் படை. ஒரே வீட்டுக்கு இரண்டு காப்பகம் ஏற வேண்டும். செலவில்லாமல் தொடங்க, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் இலவசத் தேடல் தளம் நல்ல வாசல். அணை தொடர்பான அரசுக் கடிதங்களுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

மரபணுச் சோதனை உதவுமா?

ஆண்வழிப் பெயர் என்பதால் ஒய் குரோமோசோம் சோதனைதான் பொருந்தும். அந்தப் பெயருள்ள ஆண் ஒருவர் மாதிரி தர வேண்டும். எழுத்துக்கூட்டல் மாறுபட்ட இரு குடும்பங்கள் ஒன்றா என்று பார்க்க அது பயன்படும். பொருந்தவில்லையென்றால் அதிர வேண்டாம். ஊர்ப்பெயர் நிலவுடைமையாளருக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த ஊரிலிருந்து வேறிடம் போன உழவனையும் தச்சனையும்கூட ‘பெனிகுயிக்காரன்’ என்றே அழைத்திருப்பார்கள்.

குடும்பச் சின்னம் என்று கடைகளில் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். ஸ்காட்லாந்தில் சின்னம் தனி மனிதருக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றம் 1672 முதல் பதிவேடு வைத்திருக்கிறது. அடுத்தவர் சின்னத்தைத் தனதென்று பயன்படுத்துவது அங்கே குற்றம்.

பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்கிறோம். எப்படி எழுதுவது?

கம்பம் பள்ளத்தாக்கில் இது குடும்பப் பெயராக இல்லாமல் இயற்பெயராகிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இது புதுமை. தமிழில் ‘பென்னிகுயிக்’ என்று சேர்த்தே எழுதுங்கள். ஆங்கிலத்தில் பொறியாளர் எழுதிய வடிவம் வேண்டுமானால்: பி, இ, இரண்டு என், ஒய், சி, யு, ஐ, சி, கே. மொத்தம் பத்து எழுத்து. பிறப்புச் சான்றிதழில் இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதிவிட்டால், பின்னாளில் கடவுச்சீட்டுப் படிவத்தில் ‘குயிக்’ தனிக் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துகொள்ளும்; பள்ளிச் சான்றிதழோடு பொருந்தாது. பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணமில்லை, அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே எழுத்துக்கூட்டலை வீட்டில் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையே அலுவலரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால், எடின்பரோ எழுத்தர் செய்ததையே அவரும் செய்வார்.